சேமிப்பு என்ற கட்டம்

மாவட்டத்திலிருந்து வந்த கையேட்டில்
கட்டம் போட்டே கொடுத்திருந்தார்கள்.
மாத வரவு. மாதச் செலவு. சேமிப்பு.
வரவில் ஐந்தில் ஒரு பங்கை
முதலிலேயே எடுத்து வைக்கவும் என்று
உண்டியல் படத்துக்குக் கீழே ஒரு வரி.

ராயக்கோட்டை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு,
வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை.
கட்டத்தைப் பலகையில் வரைந்துவிட்டுத் திரும்பினேன்.
மாதேஷ் எழுந்து நின்றான்.
"மாசம்னா எந்த மாசம் மிஸ்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
"எங்களுக்கு மாசத்துல வராது மிஸ்.
நாத்து நட்டு எழுபது நாளைக்குச் செலவு மட்டும்தான்.
அப்புறம் மண்டியில அன்னைக்கு என்ன சொல்றாங்களோ அது.
பெட்டி தொள்ளாயிரத்துக்குப் போனதும் இருக்கு,
எழுபதுக்குப் போனதும் இருக்கு.
எதை எழுதறது?"

என் வரவு கைப்பேசியில் வரும்,
ஒரு சின்னச் சத்தத்தோடு.
பதினோரு வருடமாக
மாதம் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

கட்டத்தை அழித்தேன்.
"வாரம் போடுங்க மிஸ்" என்றாள் ஹேமாவதி.
"குழுக்கடன் வாராவாரம்தான் கட்டணும்.
செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு
வசூல்காரர் வண்டி நிறுத்தற சத்தம் கேட்டா
அம்மா அடுப்பை அணைச்சிடுவாங்க."
ஏன் அடுப்பை என்று நான் கேட்கவில்லை.

வாரம் போட்டோம்.
நான்கு வாரக் கணக்கு, வீட்டுப்பாடம்.

முப்பத்தெட்டு நோட்டுகள் வந்தன.
ஒன்பதில் வரவும் செலவும் பைசா பிசகவில்லை.
அந்த ஒன்பதையும் தனியே எடுத்து வைத்தேன்.
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கலாம்.
வீட்டுக் கதையெல்லாம் மிஸ்ஸுக்கு எழுதாதே என்று
அம்மா தொகையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.
மற்றவற்றில் துண்டு விழுந்திருந்தது.
நூற்றிருபது. நானூறு. ஆயிரத்துச் சொச்சம்.
ஒருத்தி 'அப்பா' என்று மட்டும் எழுதி
தொகை எழுத வேண்டிய இடத்தை
வெறுமனே விட்டிருந்தாள்.

ஹேமாவதி கடைசிப் பக்கத்தில்
என்னைக் கேட்டிருந்தாள்:
முப்பதாயிரம் வாங்கினோம். ஐம்பது வாரம், வாரம் எழுநூற்றிருபது.
முதல் வாரம் முப்பதாயிரத்துக்கு வட்டி நூற்றிருபது.
கடைசி வாரம் பாக்கி அசல் அறுநூறுதான்.
அதுக்கும் நூற்றிருபதா?

கையேட்டைப் புரட்டினேன்.
வட்டி என்ற தலைப்பில்
தேன்கூடும் தேனீயும் படம் போட்டிருந்தது.
ராத்திரி பீரோவைத் திறந்து
என் கடன் தாளை வெளியே எடுத்தேன்.
தனிவட்டியும் கூட்டுவட்டியும் நடத்துகிறவள்
கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்
தேடிப் போட்டிருக்கிறேன்.

மாதேஷின் நோட்டு அடியில் கிடந்தது.
முதல் வாரம் பதினெட்டுப் பெட்டி, விலை இருநூற்றிப்பத்து.
இரண்டாம் வாரம் இருபத்திரண்டு, நூற்றிமுப்பது.
மூன்றாம் வாரம் எண்ணின் மேல் எண் எழுதி அடித்திருந்தான்.
நான்காம் வாரம்
வரவு: இல்லை. பறிக்கவில்லை.
சேமிப்பு: பறிகூலி 1,200. வண்டி வாடகை 400.
ஆக 1,600.
நான்கு வாரத்தில் அந்தக் கட்டம்
நிரம்பியிருந்தது அந்த ஒரு வாரம்தான்.

பேனா மூடியைத் திறந்தேன்.
கைக்கு வராத காசு சேமிப்பாகாது, தப்பு.
கையை விட்டுப் போகாத காசு, சரி.
மூடியைப் போட்டேன். மறுபடி திறந்தேன்.
மை காய்ந்து போகும் என்று
கடைசியில் பைக்குள் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் பாலக்கோட்டுப் பக்கம் திரும்பியபோது
சாலையோரத்துத் தோட்டம் ஒன்று முழுக்கச் சிவப்பு.
யாருடையதோ.
உள்ளே ஒருவரும் குனிந்திருக்கவில்லை.
இரண்டு மாடுகளை மட்டும்
யாரோ அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு
"மார்க் போடலையா மிஸ்?" என்றான்.
"இருடா, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.
"மண்டிக்காரர் மாதிரியே பேசறீங்க" என்று சொல்லிவிட்டு
இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.